பெரும்புள்ளியும் பச்சைப் புள்ளிகளும்

என் கணவர் ஒரே ஒரு கட்டுரையால் பெரிய மனிதரானார். அதற்கு முன்பு ஆய்வகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக்கூட அழைத்ததில்லை. "அந்த மைக்ராஸ்கோப் ரூம் ஆளு" என்பார்கள். கட்டுரை வெளிவந்து, அதிலிருந்த படம் பத்திரிகையின் அட்டையிலும் ஏறிய மறுநாளிலிருந்து அவர் 'பெரும்புள்ளி' ஆனார். பொறாமைக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். புள்ளி எண்ணிப் பிழைக்கிற மனிதருக்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் எங்கே கிடைக்கும்?

என்ன புள்ளி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாங்கள் ஏதோ துணியில் புள்ளி அச்சடிக்கிற குடும்பம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு சிக்கனமான குடித்தனம். வீட்டுக்குள் உடைந்தது, நைந்தது, உதவாதது எதுவானாலும் அதைச் சுற்றி இரட்டைச் சவ்வால் ஒரு பை கட்டும். பையைக் கொண்டுபோய் லைசோசோம் என்கிற அமிலத் தொட்டியோடு சேர்க்கும். உள்ளே இருப்பது கரையும். கரைந்ததைச் செல்லே எடுத்துச் சாப்பிட்டுவிடும். தன்னில் கொஞ்சத்தைத் தின்று தான் பிழைக்கிற இந்த வித்தைக்குத் தன்னுண்ணல் என்று பெயர். ஆய்வகத்தில் ஆட்டோஃபேஜி என்போம். வயிற்றைக் கலக்கும் சால்மொனெல்லா மாதிரி ஒரு பாக்டீரியா உள்ளே புகுந்துவிட்டாலும் இதே வித்தைதான். திருடன் தான் ஒளிந்திருந்த உறையைக் கிழித்துக்கொண்டு தலை காட்டியதும் செல் அவன் முதுகில் ஓர் அடையாளச் சீட்டை ஒட்டும். சீட்டைக் கண்டதும் சவ்வு வந்து சுற்றும், பையாகும், தொட்டிக்குப் போகும். போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, வாய்தா இல்லை. அரசாங்கங்கள் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டிய ஏற்பாடு.

அந்தப் பையின் சவ்வில் ஒட்டியிருக்கும் ஒரு புரதத்தைப் பச்சையாக ஒளிரச் செய்துவிட்டால், மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொரு பையும் ஒரு பச்சைப் புள்ளியாகத் தெரியும். அவற்றை எண்ணுவது என் கணவரின் உத்தியோகம். எங்கள் ஆய்வகத்தில் 'எட்டாம் நம்பர்' என்று ஒரு வேதிப்பொருள் உண்டு. நோய் ஏற்றிய செல்களின் மேல் அதை விட்டதும் புள்ளிகள் பொங்கி வந்தன. கரும்பலகையில் யாரோ பச்சை மணலை வாரி இறைத்த மாதிரி இருந்தது. புள்ளி கூடினால் பை கூடியது, பை கூடினால் சுத்தம் கூடியது, சுத்தம் கூடினால் பாக்டீரியா ஒழிந்தது என்று தாவித் தாவிக் கட்டுரை முடிவுரைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒழிந்ததா என்று பாக்டீரியாவையே கேட்டிருக்கலாம். செல்களை உடைத்து, உள்ளே இருப்பதை அகார் என்கிற கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி, எவ்வளவு முளைக்கிறது என்று பார்க்கிற பழைய வேலை ஒன்று இருக்கிறது. அது நாறும். அட்டைப்படத்துக்கும் ஆகாது. ஒருமுறை செய்து பார்த்ததில் எண்ணிக்கை குறையவும் இல்லை. ஆகவே எங்கள் ஆய்வகத் தலைவர் அந்த முடிவைப் பின்னிணைப்பின் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவைத்தார். பின்னிணைப்பு என்பது வீட்டுப் பரண் மாதிரி. ஏற்றி வைப்பவர் உண்டு, இறக்கிப் பார்ப்பவர் கிடையாது.

தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சபாநாயகர். வாரக் கூட்டத்தில் பேச எழுந்தவர்களை உட்கார வைப்பதில் அவருக்கு ஈடு இணை இல்லை.

நான் அதே ஆய்வகத்தில் எதிர் அறையில் பாக்டீரியா வளர்க்கிறவள். செல்களுக்கு நோய் கொடுப்பது என் வேலை, குணமானதை எண்ணுவது அவர் வேலை. குடும்பத்திலும் இதே வேலைப் பிரிவினைதான் என்று என் மாமியார் சொல்வதுண்டு.

நாங்கள் இருவருமே தற்காலிகம். ஆண்டுக்கொரு முறை ஒப்பந்தம் புதுப்பித்து வருகிற வரை வீட்டு உரிமையாளரிடம்கூட நிமிர்ந்து பேச முடியாது. அந்த நேரத்தில்தான் நிறுவனத்தில் ஒரு நிரந்தர இடம் காலியானது, கூடவே ஒரு குடியிருப்பும். தேர்வுக் குழுவின் முன்னால் எல்லோரும் கேட்க ஓர் உரை ஆற்ற வேண்டும், அதன் பேரில்தான் முடிவு. பெரும்புள்ளிக்குத்தான் கிடைக்கும் என்று கான்டீன் வரைக்கும் பேச்சு. மாமியார் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். எந்த விஷயத்தையும் ஒரே குத்தில் முடித்துவிடுவார். மகனுக்கு வேலை என்று குத்தியாகிவிட்டது. காலியாகக் கிடந்த குடியிருப்பைக் காவலாளியைத் திறக்கச் சொல்லி, ஜன்னல்களுக்குத் திரைச்சீலை அளவும் எடுத்தாகிவிட்டது.

உரை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் என் கணவர் என் அறைக்கு வந்து கதவோரம் நின்றார்.

"ஒரு படம் கூடுதலா இருந்தா எடுப்பா இருக்கும்மா. அந்தத் தடுப்பு மருந்து போட்டு ஒண்ணு செஞ்சு குடேன். வெளிநாட்டுக் கட்டுரைங்கள்ல இப்ப அதெல்லாம் போடறாங்களாம்."

"இத்தனை நாளா அதைச் செய்யலையா நீங்க?"

"எல்லாரும் செய்யறதில்லை. செஞ்சா ஒரு மரியாதை. சட்டைக்கு மேல கோட்டு போட்ட மாதிரி."

தடுப்பு மருந்து என்று அவர் சொன்னது அமிலத் தொட்டியை முடக்கிப்போடும் ஒரு நஞ்சு. அதைப் போட்டால் கட்டிய பைகள் கரையாமல் அப்படியே தேங்கி நிற்கும். எட்டாம் நம்பர் உண்மையிலேயே புதுப் பைகளைக் கட்ட வைக்கிறது என்றால், தொட்டியையும் அடைத்த பிறகு புள்ளிகள் இன்னும் மலையாகக் குவிய வேண்டும். குவிந்த படத்தைக் கொடுத்தால் கணவர் மகிழ்வார், மாமியார் மகிழ்வார், ஜன்னல்களும் மகிழும். நல்ல மனைவியாகச் செய்து பார்த்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

குவியவில்லை. நஞ்சு மட்டும் போட்ட செல்களும், நஞ்சோடு எட்டாம் நம்பரும் சேர்ந்த செல்களும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. எட்டாம் நம்பர் ஒரு பையைக்கூடக் கூடுதலாகக் கட்டவில்லை. நஞ்சு செய்கிற அதே வேலையைத்தான் அதுவும் கமுக்கமாகச் செய்துகொண்டிருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் குரங்கு அட்டைப்படத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அன்று மாலை வீட்டில் அவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"புள்ளி இருக்குல்ல?" என்றார்.

"இருக்கு."

"அப்புறம் என்ன?"

"தெருமுனையில குப்பைப் பை மலையா குவிஞ்சு கிடந்தா என்னங்க அர்த்தம்? தெருக்காரங்க எல்லாரும் சுத்தக்காரங்கன்னா, இல்ல குப்பை வண்டி வரலைன்னா?"

மடித்துக்கொண்டிருந்த சட்டையின் கை அந்தரத்தில் நின்றது. "ரெண்டும் இருக்கலாம்."

"இருக்கலாம். அது எதுன்னு கண்டுபிடிக்கத்தான் அந்தக் கோட்டு. போட்டுப் பார்த்தாச்சு. வண்டிதான் வரலை. வண்டிச் சக்கரத்துல காத்தைப் பிடுங்கி விட்டதே உங்க எட்டாம் நம்பர்தான்."

"உன் மருந்து பழசா இருக்கும்."

"புதுசு. கையெழுத்துப் போட்டு வாங்கினதே நீங்கதான்."

"செல்லு கெட்டிருக்கும்."

"அட்டைப்படத்துக்குப் போஸ் குடுத்ததும் இதே செல்லுதான். அப்ப கெடலையா?"

"உனக்கு நான் மேல வர்றது பொறுக்கலை."

ஆதாரம் தீர்ந்துபோன விஞ்ஞானி கடைசியாகக் கையில் எடுக்கிற கருவி இது. விலை கிடையாது, எந்த வீட்டிலும் கிடைக்கும். நான் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமியார் வந்துவிட்டார்.

"என்னடா சத்தம்?"

"ஒண்ணுமில்லம்மா. உன் மருமக என் வேலைக்கு உலை வைக்கிறா."

"ஏம்மா, அவனவன் பொண்டாட்டி புருஷன் சட்டைக்குப் பட்டன் தைச்சுக் குடுப்பா. நீ இருக்கிற பட்டனையும் அறுத்துட்டு சட்டை சரியில்லைங்கறியே?"

"அத்தை, அந்தச் சட்டையே அவரோடது இல்லைன்னா?"

"யாரோடதா இருந்தா என்ன? போட்டுக்கிட்டுப் போய் வேலையை வாங்கட்டும். அப்புறம் திருப்பிக் குடுத்துக்கலாம்."

ஆராய்ச்சி நெறியைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒருவரால் பேச முடியாது என்றுதான் நினைத்தேன். மறுநாள் சபாநாயகரின் அறைக்குப் போகிற வரைக்கும்.

அவர் அறையில் மூன்று சுவர்களில் கேடயங்கள். நாலாவது சுவரில் எங்கள் அட்டைப்படம், கண்ணாடிச் சட்டத்தில். நான் சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நான் நிறுத்தியபோது கண்ணைத் திறந்தார்.

"அருமையான அவதானிப்பும்மா. இந்த மாதிரி சிந்திக்கிறவங்கதான் நமக்கு வேணும். இதை லேசா விடக்கூடாது. உரை முடியட்டும், உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் இதுக்குன்னே ஒரு துணைக்குழு போட்டு நிதானமா ஆராய்வோம்."

"உரையில சொல்ல வேண்டாமாங்க சார்?"

"உரையில சந்தேகத்தைச் சொல்வாங்களாம்மா? உரைன்னா உரைதான்."

பாராட்டால் ஒரு சுற்று, துணைக்குழுவால் ஒரு சுற்று. இரட்டைச் சவ்வு. என் கேள்வி எந்தத் தொட்டியை நோக்கிப் போகிறது என்பதும் எனக்கு விளங்கிவிட்டது. செல்லுக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இவ்வளவு விலை கொடுத்து மைக்ராஸ்கோப் வாங்கியிருக்க வேண்டியதே இல்லை. கிளம்பும்போது கூடுதலாக ஓர் அறிவுரையும் கிடைத்தது.

"புருஷனும் பொண்டாட்டியும் ஒரே லேப்ல இருந்தா இதுதாம்மா வம்பு. எங்க வீட்ல அவங்க சங்கீதம் படிச்சவங்க. நான் பாடினா சுருதி சேராதுன்னு அவங்களுக்கு மட்டும்தான் தெரியும். இத்தனை வருஷத்துல ஒரு தடவை வெளிய சொல்லியிருப்பாங்களா? கேட்டுப் பாரு."

இனி இவரிடமும் பேசிப் பயனில்லை என்று திரும்பி வந்தேன். ஆனால் என் கணவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேச்சை நம்பமாட்டார், எண்ணிக்கையை நம்புவார். எண்ணினால் தான்தான் ஜெயிப்போம் என்ற நம்பிக்கையும் கூடவே இருந்தது. அந்த வாரக் கடைசியில் அவராகவே கேட்டார்.

"எல்லாத்தையும் முதல்லேர்ந்து செய். தட்டுல வெறும் எழுத்து மட்டும் போடு. எதுல என்ன விட்டிருக்கேன்னு எங்கிட்ட மூச்சு விடாத. நான் எண்ணறேன். எண்ணிட்டு உன் வாயை அடைக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம். கட்டடத்தில் குளிர்சாதனப் பெட்டிகளின் முனகலைத் தவிர வேறு சத்தம் இல்லை. இருட்டறைக்குள் அவர், வெளியே நாற்காலியில் நான். உள்ளேயிருந்து எண்ணும் கருவியின் டிக் டிக் மட்டும் கேட்டது. சில தட்டுகளுக்கு அது சோம்பலாக வந்தது. சில தட்டுகளுக்கு விடாமல் வந்தது. நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இந்த 'உ' தட்டு பிரமாதமா இருக்கு. இது நிச்சயம் என் எட்டாம் நம்பர்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போனார்.

'உ' தட்டில் எட்டாம் நம்பர் ஒரு சொட்டுக்கூட இல்லை. நஞ்சு மட்டும்தான்.

எண்ணி முடித்து எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் எண்ணிக்கையைச் சொல்லச் சொல்ல, நான் எந்த எழுத்துக்கு எது என்று சொல்லிக்கொண்டு வந்தேன். பாதியிலேயே அவர் குரல் இறங்கிவிட்டது.

"இதை எண்ணினது நானா?"

"நீங்கதான்."

"தப்பா எண்ணியிருப்பேனோ?"

"உங்களைத் தெரிஞ்ச யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

வெப்பப் பெட்டியில் வைத்திருந்த அகார் தட்டுகளையும் கொண்டுவந்து வைத்தேன். நாற்றத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எட்டாம் நம்பர் போட்ட செல்களிலிருந்து வந்த பாக்டீரியாதான் அடர்த்தியாக முளைத்திருந்தது. வெறுமனே விட்ட செல்களில் பாதிகூட இல்லை. திருடனைப் பிடித்துக்கொடுக்கிறோம் என்று சொல்லி அவனுக்குச் சாப்பாடும் படுக்கையும் போட்டுவைத்திருக்கிறோம்.

அவர் ஒரு தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை நம்பி யாராவது நிஜமாவே ஒரு நோயாளிக்குக் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு வேறொன்றைச் சொன்னார். "அம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"உரையில சொல்லப் போறீங்களா?"

"தெரியலை. தொணதொணக்காத."

அதற்குப் பிறகு உரை நாள்வரை அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்தார். என்ன படங்களை வைக்கிறார், எதை எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. நிரந்தர வேலை என்பது எனக்கும் கசக்கிற பொருள் இல்லையே. அவர் சொல்லாமல் விட்டுவிட்டால் நல்லது என்று ஒரு மனது நினைத்தது. அந்த மனதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உரை நாளன்று அரங்கு நிரம்பியிருந்தது. மாமியார் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார். குழுவில் மூன்று பேர். வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே கேட்கும் குழுத் தலைவர், எதற்கும் தலையாட்டும் ஓர் அம்மையார், விளக்கை அணைத்ததும் தூங்கிவிடும் ஒரு மூத்தவர். அட்டைப்படம் திரையில் விரிந்ததும் கைதட்டல் எழுந்தது. மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். பார்த்தியா என்று முத்திரை குத்துகிற பார்வை.

என் கணவர் தண்ணீர் குடித்தார்.

"இந்தப் படத்துல தப்பில்லை. இதுக்கு நான் சொன்ன அர்த்தம்தான் தப்பு."

கைதட்டின கைகள் மடிக்குத் திரும்பின. ஒன்றும் விடாதது, எட்டாம் நம்பர், நஞ்சு, இரண்டும் சேர்ந்தது என்று அவர் நான்கு வகைத் தட்டுகளின் படங்களையும் வரிசையாகப் போட்டார். பிறகு அகார் தட்டையும் போட்டார். அந்த அரங்கில் அவ்வளவு அவலட்சணமான படம் அதற்கு முன் திரையேறியிருக்காது. எட்டாம் நம்பர் சுத்தம் செய்யவில்லை, சுத்தம் செய்வதைத் தடுக்கிறது என்றார். புள்ளி எண்ணிக்கையை மட்டும் வைத்துத் தன்னுண்ணல் கூடியது என்று யாரும் சொல்லக்கூடாது என்றும் சொன்னார். யாரும் என்ற சொல்லில் கொஞ்சம் அழுத்தம் கூடிவிட்டது.

குழுத் தலைவர் தலையைத் தடவுவதை நிறுத்தினார். "யாருமே சொல்லக்கூடாதா தம்பி?"

"தடுப்பு போட்டுப் பார்க்காம சொல்லக்கூடாது சார்."

தலைவர் அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் மேசையைப் பார்த்தார். அந்த அம்மையார் தலையாட்டாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. மூவருடைய கட்டுரைகளும் எங்கள் நூலகத்தில் இருக்கின்றன. மூன்றிலும் புள்ளிகள் உண்டு, தடுப்பு கிடையாது.

"அப்ப உங்க கட்டுரையை நீங்களே மறுக்கறீங்க. சாதனைன்னு நாங்க எதை எழுதிக்கிறது?"

"இதைத்தான் சார்."

மூத்தவர் கண் விழித்து, "எதை?" என்றார்.

சபாநாயகர் எழுந்து, நேரமாகிவிட்டது என்று அறிவித்து, நின்றிருந்தவரை உட்கார வைத்தார்.

வெளியே நடைபாதையில் மாமியார் மகனைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல கை தட்டினாங்களேடா?"

"அது படத்துக்கும்மா."

"கடைசில ஏன் தட்டலை?"

"அது எனக்கு."

வேலை அடுத்து உரையாற்றிய இளைஞருக்குப் போனது. அவருடைய செல்களில் புள்ளிகள் இரண்டு நிறங்களில் இருந்தன. தடுப்பு என்ற சொல்லே அவர் உரையில் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு வழக்கம்போல ஓராண்டு ஒப்பந்தம் புதுப்பித்து வந்தது. பழைய கட்டுரைக்கு ஒரு திருத்தமும் வெளியானது. அதில் முதல் பெயர் சபாநாயகருடையது. துணிச்சல் எப்போதும் மேலிடத்திலிருந்துதான் வரவேண்டும். மாமியார் சில நாள் என்னிடம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேரும் சேர்ந்து இருந்த சட்டையையும் கழட்டிட்டீங்க, இனிமே குளிருதுன்னு எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிப் பேச ஆரம்பித்தார்.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு மாலை அந்த இளைஞர் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு நின்றார்.

"அண்ணி, உங்க தடுப்பு மருந்து கொஞ்சம் கிடைக்குமா?"

"எதுக்குப்பா?"

"சும்மாதான். மனசு கேட்கலை."

"உத்தரவு வந்தாச்சுல்ல, இன்னும் என்ன மனசு?"

"வந்த பிறகுதான் அண்ணி கேட்க மாட்டேங்குது."

கொடுத்தனுப்பினேன். அடுத்து அந்த அம்மையாரிடமிருந்து ஐஸில் வைத்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே எண்ண வேண்டிய செல்கள். அனுப்புநர் பெயர் இல்லை, விலாசம் எழுதிய கையெழுத்து மட்டும் அவருடையது. அதற்குப் பின்னால் குழுத் தலைவரே தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் ஆய்வகத்திலும் ஒரு மருந்து இருக்கிறதாம். பிரமாதமாகப் புள்ளி வருகிறதாம். ஒரு சின்னச் சோதனை, ரகசியமாக. தட்டில் வெறும் எழுத்து மட்டும் போட்டு அனுப்புகிறாராம். ஊரில் யாராலும் வேலை கொடுக்க முடியாத மனிதரிடம் ஊரே வேலை வாங்கத் தொடங்கியது. என் கணவர் மறுக்கவில்லை. எண்ணச் சொன்னால் மறுக்கத் தெரியாத ஜென்மம்.

குழுத் தலைவரின் தட்டுகளை எண்ணி முடித்துவிட்டு இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தே எனக்கு விடை தெரிந்துவிட்டது. "யாரு சொல்றது அவர்கிட்ட?" என்றேன்.

"நான்தான். அனுபவம் இருக்குல்ல."

தொலைபேசியில் கூப்பிட்டு எண்ணிக்கையைச் சொன்னார். பிறகு தலைவரின் குரல், எனக்கும் கேட்கிற அளவுக்கு, வெகு பாசமாக வந்தது.

"அடுத்த வருஷம் இங்கே இன்னொரு நிரந்தர இடம் வருது தம்பி. தெரியும்ல? நிதானமா இன்னொரு தடவை எண்ணிப் பாருங்களேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் பாக்டீரியாவைப் பார்த்தேன்.

"எண்ணலாம் சார். ஆனா ரெண்டாவது தடவையும் அதேதான் வரும். எங்க வீட்ல முயற்சி பண்ணிப் பார்த்தாச்சு."